சாவி யாரிடம்

எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் உள்ளே ஓர் எலும்புக்கூடு நிற்கும் என்பது ஆங்கிலேயர் சொல்வழக்கு. வெளியே தெரிந்தால் மானம் போகிற குடும்ப ரகசியத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இதை ஊர் வாய்க்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நாவலாசிரியர் தாக்கரே. அவருடைய ‘தி நியூகம்ஸ்’ நாவலில் ஓர் அத்தியாயத் தலைப்பிலேயே அந்த அலமாரி வந்துவிடுகிறது. தாக்கரே 1811இல் கல்கத்தாவில் பிறந்தவர். கம்பெனி உத்தியோகத்தில் இருந்த அவருடைய அப்பாவுக்குத் திருமணத்துக்கு முன்பே அதே ஊரில் இன்னொரு பெண்ணிடம் ஒரு மகள் இருந்தாள். ஆகவே எலும்புக்கூட்டைத் தேடி அவர் வெகுதூரம் போயிருக்க வேண்டியதில்லை.

இந்த வழக்கு இன்றைக்கு மயிலாப்பூரிலும் தி. நகரிலும் சகஜமாகப் புழங்குகிறது. வரன் விசாரிக்கும்போது வருகிறது, அடுக்ககச் சங்கத்தில் பழைய கணக்கைக் கேட்கும்போது வருகிறது, டி.வி. விவாதத்தில் தினமும் வருகிறது. அது நமக்குத் தரும் சித்திரம் எளிமையானது. ரகசியம் என்பது ஒரு பொருள். அது உள்ளே இருக்கிறது. வெளியே ஒரு கதவு. கதவைத் திறந்தால் விஷயம் முடிந்தது. திறப்பது யார், சாவி அவர் கைக்கு எப்படி வந்தது, இத்தனை நாள் ஏன் திறக்கவில்லை என்பதெல்லாம் அந்தச் சித்திரத்தில் இல்லை. ஆனால் நடைமுறையில் நாம் முதலில் கேட்பது அவற்றைத்தான். பல சமயம் அவற்றை மட்டும்தான்.

சென்னையில் ஒரு நிஜ அலமாரி இருந்தது. அதைத் திறந்த கதை இந்தக் கேள்விகளையெல்லாம் ஒருசேர எழுப்புகிறது.

அடையாற்றின் தென்கரையில் ஹடல்ஸ்டன் தோட்டம் என்று அழைக்கப்பட்ட பங்களாவுக்கு 1882 டிசம்பரில் பிரம்மஞான சபை குடிவந்தது. சபையை 1875இல் நியூயார்க்கில் நிறுவியவர்கள் ருஷ்யாவில் பிறந்த ஹெலனா பிளாவட்ஸ்கியும் அமெரிக்கக் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்டும். மாடியில் பிளாவட்ஸ்கியின் அறையை ஒட்டி ஓர் அறை. அதன் சுவரில் ஒரு மர அலமாரி தொங்கியது. ‘ஷ்ரைன்’ என்று பெயர். நம் கணக்கில் பூஜை அலமாரி. திபெத்துப் பக்கம் வாழ்வதாகச் சொல்லப்பட்ட கூத் ஹூமி, மோரியா என்ற மகாத்மாக்களின் கடிதங்கள் அதற்குள் தோன்றும். பக்தர் ஒரு கேள்வியை எழுதி உள்ளே வைத்துக் கதவை மூடுவார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் பதில் இருக்கும். வந்து வணங்கியவர்கள் பாமரர்கள் அல்லர். வக்கீல்கள், திவான்கள், ஜட்ஜுகள்.

அந்த வீட்டின் சாவிக்கொத்து எம்மா கூலோம் என்ற பெண்மணியிடம் இருந்தது. பிளாவட்ஸ்கியை 1872 வாக்கில் கெய்ரோவில் அறிந்தவர். பிறகு நொடித்துப்போய், 1880இல் கணவர் அலெக்ஸிஸுடன் பழைய சிநேகிதியைத் தேடி பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். அவர் வீட்டு நிர்வாகம் பார்த்தார். கணவருக்குத் தச்சு வேலை தெரியும். 1884 பிப்ரவரியில் பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார்கள். மாடி அறைகள் கூலோம் தம்பதியின் பொறுப்பில் விடப்பட்டன. சபையை நடத்த நியமிக்கப்பட்ட குழுவுக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. மே மாதம் இருவரையும் வெளியேற்றினார்கள்.

செப்டம்பரில் ‘மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசின்’ ஒரு கட்டுரையை வெளியிட்டது. பிளாவட்ஸ்கி தனக்கு எழுதியவை என்று சொல்லி எம்மா கூலோம் கொடுத்த கடிதங்கள் அதில் இருந்தன. எந்தக் கடிதத்தை எப்போது அலமாரிக்குள் வைக்க வேண்டும், யார் வரப்போகிறார்கள், அவர்களிடம் என்ன சொல்ல வேண்டும் என்ற அறிவுறுத்தல்கள். அலமாரியின் பின்பலகை நகரும், அதற்குப் பின்னால் சுவரில் ஓட்டை இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் பிளாவட்ஸ்கியின் அறையில் நின்ற சைட்போர்டின் முதுகும் திறக்கும் என்பது கூலோம் தரப்பு. எஜமானி இல்லாத மாதங்களில் தச்சர் தானே செய்துவைத்த சதிவேலை அது என்பது சபையின் பதில்.

இதற்கிடையே அலமாரி என்ன ஆயிற்று என்பதுதான் எனக்குக் கதையின் உயிர்நிலையாகப் படுகிறது. லண்டனில் 1882இல் தொடங்கப்பட்ட மன ஆய்வுச் சங்கம், கேம்பிரிட்ஜில் படித்த ஆஸ்திரேலிய இளைஞர் ரிச்சர்ட் ஹாட்ஜ்சனை விசாரணைக்கு அனுப்பியது. 1884 டிசம்பரில் அவர் அடையாறுக்கு வந்தபோது அலமாரி அங்கே இல்லை. நடந்ததைப் பிறகு அவர் கேட்டு எழுதியிருக்கிறார். கட்டுரை வெளியான நாட்களில் சபை அன்பர்கள் சிலர் அலமாரியைச் சோதிக்கக் கூடினார்கள். அவர்களில் ஒருவர் பின்பலகை எவ்வளவு உறுதியானது என்று காட்டுவதற்காகக் கையால் ஓங்கித் தட்டினார். நடுப்பலகை மேலே ஏறிக்கொண்டது. அதன்பின் அலமாரியைக் கழற்றி, உடைத்து, எரித்துவிட்டார்கள். ஜெர்மன் மருத்துவரும் சபையின் முக்கியஸ்தருமான ஹார்ட்மன் இதைத் தன்னிடம் ஒப்புக்கொண்டதாக ஹாட்ஜ்சன் சொல்கிறார்.

எரித்தவர்கள் எதிரிகள் அல்லர். குருமேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அந்தப் பலகை எப்போது வெட்டப்பட்டது, மரம் பழசா புதுசா, சறுக்கும் தடம் தேய்ந்திருந்ததா என்று ஒரு நல்ல ஆசாரி அரை நாளில் சொல்லியிருப்பார். பிளாவட்ஸ்கி நிரபராதி என்றால் அதை நிரூபிக்கும் பொருள் அதுதான். குற்றவாளி என்றாலும் அதுதான். அன்பு அதை அடுப்பில் போட்டது. அன்றிலிருந்து கேள்வி மரத்தை விட்டு மனிதர்கள்மேல் ஏறிவிட்டது. இனி அலமாரியைச் சோதிக்க முடியாது. எம்மா கூலோமின் யோக்கியதையைத்தான் சோதிக்க முடியும்.

சோதித்தார்கள். வேலை போனதால் வஞ்சம் தீர்த்தாள். மிஷனரிகளிடம் காசு வாங்கினாள். முன்பும் வந்தவர் போனவரிடம் கடன் கேட்டு மிரட்டியவள். இப்படிப் பட்டியல் நீண்டது. எல்லாமே பொய் என்று சொல்லவும் முடியாது. பத்திரிகைக்கும் சொந்தக் கணக்கு இருந்தது. கிறிஸ்தவக் கல்லூரி, எதிரே இந்துக்களையும் பௌத்தர்களையும் தங்கள் மதத்தில் பெருமைகொள்ளச் சொல்லும் ஒரு வெள்ளைக்காரச் சபை. டிசம்பரில் பிளாவட்ஸ்கி சென்னைக்குத் திரும்பியபோது மாணவர்கள் திரண்டு வரவேற்புப் பத்திரம் வாசித்தளித்தார்கள். அதில் கையெழுத்திட்டவர்களில் ஏராளமானோர் அதே கிறிஸ்டியன் கல்லூரி மாணவர்கள். தங்கள் பேராசிரியர்கள் அச்சிட்டதை அவர்கள் படிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். சொன்னது யார் என்று பார்த்தார்கள், அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. வழக்குப் போட வேண்டும் என்று பிளாவட்ஸ்கி துடித்தார். சபையின் ஆண்டு மாநாட்டில் அமைக்கப்பட்ட குழு வேண்டாம் என்று தடுத்துவிட்டது. கோர்ட்டில் கடிதங்களோடு சேர்த்து மகாத்மாக்களும் கூண்டேற வேண்டியிருக்கும் என்பது வக்கீல்களுக்குத் தெரியாதா? 1885 மார்ச் கடைசியில் அவர் கப்பலேறினார். பிறகு அடையாறைப் பார்க்கவே இல்லை.

ஹாட்ஜ்சன் வெறும் வாய்ப்பேச்சை நம்பவில்லை என்பதற்கு ஒரு பீங்கான் தட்டு சாட்சி. 1883 ஆகஸ்டில், பிளாவட்ஸ்கி ஊட்டியில் இருந்த சமயம், ஜெனரல் மார்கன் என்ற ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி அடையாறுக்கு வந்தார். எம்மா கூலோம் அவருக்காக அலமாரியைத் திறந்தார். விளிம்பில் இருந்த சிறு தட்டு விழுந்து சுக்குநூறானது. துண்டுகளைத் துணியில் கட்டி உள்ளே வைத்து மூடினார்கள். சில நிமிடம் கழித்துத் திறந்தால் தட்டு முழுசாக இருந்தது, கூடவே கூத் ஹூமியின் சீட்டு. ஜெனரல் இதை எழுதி அச்சேற்றினார். ஹாட்ஜ்சன் பிராட்வே கடைகளுக்குப் போய் விசாரித்தார். அதே மாதிரித் தட்டுகளை எம்மா கூலோம் அதற்கு முந்தைய மாதம் ஜோடியாக வாங்கியிருந்தது தெரியவந்தது.

கடைக்கணக்கு தட்டு வாங்கியதைத்தான் சொல்லும். யார் சொல்லி வாங்கினார் என்று சொல்லாது. அதற்கு மறுபடியும் எம்மாவின் கடிதங்களுக்கே வர வேண்டும். வீட்டு ரகசியத்தின் இயல்பே இதுதான். அதைக் கண்டுபிடிக்க யாரும் வெளியிலிருந்து வருவதில்லை. சாவி வைத்திருப்பவருக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும். பெரும்பாலும் அதைச் செய்ததில் அவர் கையும் இருக்கும். கையில் கறை இல்லாதவருக்கு விஷயம் தெரியாது, விஷயம் தெரிந்தவர் கை சுத்தமாக இருக்காது. உத்தமரே வந்து உண்மையைச் சொல்லட்டும் என்று காத்திருந்தால், முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள்ளேயே அழுகிப்போகும்.

ஹாட்ஜ்சன் அறிக்கை 1885 டிசம்பரில் அச்சானது. சரித்திரம் கண்ட மிகத் தேர்ந்த வேஷதாரிகளில் ஒருவர் என்று பிளாவட்ஸ்கியை அது வர்ணித்தது. ருஷ்ய உளவாளியாக இருக்கலாம் என்றும் ஊகித்தது. நூறு ஆண்டு கழித்து 1986இல், கையெழுத்து மோசடிகளை ஆராய்வதில் தேர்ந்த வெர்னான் ஹாரிசன், அதே மன ஆய்வுச் சங்கத்தின் இதழிலேயே அந்த அறிக்கையைக் கிழித்துத் தோரணம் கட்டினார். ஹாட்ஜ்சன் நீதிபதியாக நடக்காமல் அரசுத் தரப்பு வக்கீலாக நடந்தார் என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்காக அலமாரிக் கடிதங்கள் இமயத்திலிருந்து வந்தவை என்று அவர் சொல்லவில்லை. கூலோம் கடிதங்களின் மூலப் பிரதிகள் காணாமல் போய்விட்ட நிலையில் தீர்ப்பு செல்லாது என்றார். அலமாரி சாம்பல், கடிதங்கள் மாயம். இரு தரப்பும் ஆளுக்கொரு சாட்சியத்தைத் தொலைத்துவிட்டு இன்றும் வாதாடிக்கொண்டிருக்கின்றன. இன்னொரு வேடிக்கை: ஹாட்ஜ்சன் பிற்பாடு அமெரிக்கா போய் லியனோரா பைப்பர் என்ற மீடியத்தைப் பல ஆண்டுகள் பரிசோதித்து, இறந்தவர்கள் நம்முடன் பேசுகிறார்கள் என்று தானே நம்பத் தொடங்கினார். 1905இல் பாஸ்டனில் காலமானார்.

ரகசியம் அம்பலமானதால் சபை படுத்துவிட்டதா? இல்லை. ஹாட்ஜ்சன் அறிக்கை வந்த மறு ஆண்டே ஆல்காட் அடையாறு நூலகத்தைத் தொடங்கினார். 1894இல் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். அயோத்திதாசப் பண்டிதர் அவரைச் சந்தித்து 1898இல் இலங்கைக்குப் போனதில் தமிழ் பௌத்தத்தின் ஒரு பெரிய கிளை முளைத்தது. அலமாரி விவகாரம் கொதித்த அதே 1884 டிசம்பர் மாநாட்டுக்கு வந்தவர்களில் பதினேழு பேர், மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் கூடித்தான் காங்கிரஸுக்கு வித்திட்டார்கள் என்று, பிற்காலத்தில் சபைக்குத் தலைவரான அன்னி பெசன்ட் எழுதினார். சரித்திர ஆசிரியர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் காங்கிரஸை முன்னின்று தொடங்கிய ஹியூம் ஒரு காலத்தில் மகாத்மாக்களுடன் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர் என்பது பதிவான சேதி. அந்தக் கடிதங்களுக்கு விலாசம் பொய்யாக இருக்கலாம். அவற்றைப் படித்தவர்கள் செய்த காரியங்கள் பொய்யாகிவிடவில்லை. எலும்புக்கூடு கிடைத்தால் வீடு இடிந்துவிடும் என்று நினைக்கிறோம். பெரும்பாலான வீடுகள் இடிவதில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சமையலைக் கவனிக்கப் போய்விடுகிறார்கள்.

அறுபது ஆண்டு கழித்து இதே ஊரில் ஒருவர் ரகசியத்தையே தொழிலாக்கினார். 1943இல் ‘சினிமா தூது’ பத்திரிகையைத் தொடங்கிய லட்சுமிகாந்தன், நடிகர் நடிகைகளின் படுக்கையறைச் சேதிகளை அச்சிட்டார். அச்சிடாமல் இருக்கவும் காசு வாங்கினார். நட்சத்திரங்கள் கவர்னர் வரைக்கும் போய் முறையிட்டு லைசென்ஸை ரத்து செய்ய வைத்தார்கள். அவர் ‘இந்து நேசன்’ என்று வேறு பெயரில் தொடர்ந்தார். 1944 நவம்பரில் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்துப்பட்டு, மறுநாள் பெரியாஸ்பத்திரியில் இறந்தார். நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் ‘கலைவாணர்’ என்.எஸ். கிருஷ்ணனும் கொலை வழக்கில் கைதாகி, 1945இல் ஆயுள் தண்டனை பெற்று, பிரிவி கவுன்சில் வரை வழக்கு போய், 1947இல் விடுதலையானார்கள். கொன்றது யார் என்பது கடைசிவரை நிலைநாட்டப்படவில்லை.

இதில் என்னை உறுத்துவது வேறு. ‘இந்து நேசன்’ பரபரப்பாக விற்றது. வாங்கியது ஊர்; ஒளித்துவைத்துப் படித்தது ஊர்; எழுதியவனைச் சாக்கடை என்று ஏசியதும் அதே ஊர். அவன் எழுதியதில் எது மெய், எது புனைவு என்று யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஆள் மோசம் என்றதும் சரக்கைப் பற்றிய கேள்வி தள்ளுபடி. கலைவாணர் சிறையிலிருந்து வந்து மறுபடியும் சிரிக்கவைத்தார். தி. நகரில் வாணி மகால் அருகே நிற்கும் அவர் சிலையை 1969 ஜனவரியில் அண்ணா திறந்துவைத்தார். அடுத்த சில வாரங்களில் அண்ணாவும் மறைந்தார். பாகவதரால் பழைய சிம்மாசனத்தில் உட்காரவே முடியவில்லை. விடுதலைத் தீர்ப்பு இருவருக்கும் ஒன்றுதான். ஊர் தன் பிரியத்தை வைத்துத் தனித்தனித் தீர்ப்பு எழுதிக்கொண்டது.

எம்மா கூலோமையும் லட்சுமிகாந்தனையும் வைத்து, விலை பேசி வரும் ரகசியத்தை நம்பாதே என்று ஒரு விதி செய்துவிடலாம். ஆனால் விலையே வாங்காமல், விலை கொடுத்துச் சொல்ல வருபவர்களுக்கும் நாம் அதே விதியைத்தான் நீட்டுகிறோம். 2018 அக்டோபரில் கர்நாடக இசை உலகில் பெண்கள் பாலியல் தொல்லை பற்றிப் பேசத் தொடங்கியபோது, மியூசிக் அகாடமி அந்த டிசம்பர் சீசனிலிருந்து சில வித்வான்களை நீக்கியது. சபா கேன்டீன் மேசைகளில் கேட்ட முதல் கேள்வி, “இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தா?” என்பதுதான். 2023இல் கலாக்ஷேத்ரா மாணவிகள் வளாகத்தில் போராட்டத்தில் அமர்ந்தார்கள். ருக்மிணி தேவி 1936இல் பிரம்மஞான சபையின் மடியிலிருந்து தொடங்கிய அந்த நிறுவனத்திலும், புகாருக்கு முன்னால் புகார் சொன்னவர்களின் நோக்கம்தான் விசாரணைக்கு வந்தது. யார் தூண்டிவிட்டது, ஏன் இப்போது, ஸ்தாபனத்தின் பெயர் என்ன ஆவது. 1884இல் அடையாறில் எழுந்த அதே கேள்விகள். ஒரு சொல்கூட மாறவில்லை.

“ஏன் இப்போது?” என்பது கேட்கக்கூடாத கேள்வி அல்ல. ரகசியம் வெளிவரும் நேரத்துக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும்: வேலை போயிருக்கும், பயம் தெளிந்திருக்கும், துணைக்கு இன்னொருத்தி கிடைத்திருப்பாள். ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் சொல்பவரைப் பற்றித்தான் நமக்குத் தெரிவிக்கும். சொன்னது நடந்ததா என்பதற்கு அலமாரியிடம்தான் போக வேண்டும். ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றதில் ஒட்டிவிடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். மூடிவைத்தவர்களுக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை.

அடையாறிலேயே இதற்கு ஒரு மாற்று உதாரணமும் உண்டு. 1909இல் சபையின் கடற்கரையில் அதன் முக்கியஸ்தர் லெட்பீட்டர் கண்டெடுத்த சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தி. உலக குருவாகப் போகிறவர் என்று அறிவித்து அவருக்காகவே ஒரு சங்கம் நடத்தினார்கள். 1929 ஆகஸ்டில் ஹாலந்தின் ஓமன் நகரில், ஆயிரக்கணக்கானோர் முன்னால் அவரே அந்தச் சங்கத்தைக் கலைத்தார். சாவி அவரிடமே இருந்தது. திறந்ததால் நஷ்டமும் அவருக்கே. வஞ்சம் என்றோ காசு என்றோ யாரும் வாய் திறக்க வழியில்லை. அப்படியும் பலர் குரு தங்களைச் சோதிக்கிறார் என்றே நினைத்தார்கள். சொல்பவர் எத்தனை சுத்தமானவராக இருந்தாலும், நம்பக் கூடாது என்று தீர்மானித்தவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். சாட்சியின் யோக்கியதை பற்றிய நம் கவலை அவ்வளவுதான் பெறும்.

சத்தியத்துக்கு மேற்பட்ட மதம் இல்லை என்பது பிரம்மஞான சபையின் இலச்சினை வாசகம். அலமாரியை எரித்தவர்களும் அதை நம்பியவர்கள்தான். இன்றைக்கு அலமாரி என்பது மர அலமாரியாக இருக்க வேண்டியதில்லை. அழிக்கப்பட்ட வாட்ஸ்அப் உரையாடலாக, காணாமல் போன புகார்க் கோப்பாக, ஸ்தாபனத்தின் நலன் கருதிக் கமிட்டியிலேயே முடிந்துபோகும் அறிக்கையாக இருக்கலாம். அழிப்பவர்கள் வில்லன்களாக இருப்பது அபூர்வம். அந்த வீட்டின்மேல் பாசம் உள்ளவர்கள்தான், அந்தப் பாசத்தின் பேரிலேயே, தீக்குச்சியைத் தேடுகிறார்கள். நாம் அவர்களைக் கேட்பதே இல்லை. சாவி யாரிடம் இருந்தது என்று மாய்ந்து மாய்ந்து விசாரிப்பதில் பாதி அக்கறையை, அலமாரி இப்போது எங்கே என்று கேட்பதில் காட்டினால் போதும். உண்மை இருந்தால் அங்கே கிடைக்கும்; பழி பொய்யென்றால் அதுவும் அங்கேதான் கழுவப்படும்.